எதற்குப் பணம் கட்டுகிறோம்: எடை குறைப்புத் திட்டத்தில் சேர்வதற்கு முன்

கட்டணம் செலுத்தி எடை குறைப்புத் திட்டம் ஒன்றில் சேரலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பதை அறிந்தவர்கள் சொன்ன அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தின் வெவ்வேறு வடிவங்களாகவே இருந்தன: "வாயைக் கட்டினால் தானாகக் குறையும்; இதற்குப் போய் யாராவது பணம் கொடுப்பார்களா?" இதில் பாதி உண்மை இருக்கிறது. எதைக் குறைவாகச் சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்ற தகவல்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. என் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததற்கும், ஓராண்டுத் திட்டம் ஒன்றின் அறிமுகக் கையேட்டில் வண்ணப் படங்களோடு அச்சிட்டிருந்ததற்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு எதையும் நான் காணவில்லை. அப்படியானால் அந்தக் கையேட்டை அச்சிட்டவர்கள் என்னிடம் விற்க விரும்புவது எதை என்ற கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டியிருந்தது. சேரலாமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான்.

என் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பார்கள். நான் அந்த எல்லைக்குள் இருக்கிறேன். "இப்போதைய எடையில் 7 சதவீதம் குறைத்தால் போதும்" என்றார் மருத்துவர். அது அவர் போகிற போக்கில் சொன்ன எண் இல்லை. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் முடிவுகள் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்ட குழுவினரிடம் நீரிழிவு உருவாவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்ட குழுவில் 31 சதவீதம்தான் குறைந்தது. மாத்திரையைப் பழக்கவழக்கம் வென்றதற்குச் சான்றாக இந்த ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. பழக்கவழக்கக் குழுவில் இருந்தவர்களுக்கு முதல் ஆறு மாத காலத்தில் 16 பாடங்கள், பயிற்றுநர் ஒருவரால் நேருக்கு நேர் நடத்தப்பட்டன. அதன் பிறகும் தொடர்பு நீடித்தது. "வாயைக் கட்டுங்கள்" என்று சொல்லி அவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

இந்தத் தொழில் பிறந்த கதையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1961இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி, நகரச் சுகாதாரத் துறை இலவசமாக நடத்திவந்த உடல்பருமன் சிகிச்சையகத்துக்குப் போனார். அங்கே கொடுக்கப்பட்ட உணவுமுறையைப் பின்பற்றியதில் எடை குறையவும் செய்தது. ஆனால் சில வாரங்களில் உறுதி தளர்ந்தது. அப்போது அவர் தம்மைப் போலவே பருமனாக இருந்த தோழியர் சிலரை வீட்டுக்கு அழைத்து, அதே உணவுமுறைத் தாளை அவர்களிடம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் தாம் தின்றுவந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். தோழியரும் தத்தம் இரகசியங்களைப் பேசினார்கள். வாராவாரம் பெருகிய அந்தக் கூட்டம் 1963இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாயிற்று. யோசித்துப் பார்த்தால், அந்த நிறுவனத்தின் உணவுமுறை தொடக்கத்திலேயே அரசு இலவசமாகக் கொடுத்த ஒன்று. மக்கள் பணம் கொடுத்து வாங்கியது, அடுத்த வாரம் குறித்த நேரத்தில் தம்மைத் தராசில் ஏற்றிப் பார்க்க ஒருவர் காத்திருப்பார் என்ற ஏற்பாட்டை.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையிலேயே பயன் இருக்கிறதா என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள், ஓரளவு நேர்மையாகவே. முதலில், எந்த உணவுமுறை என்பது பலரும் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 160 பேரை அட்கின்ஸ், ஆர்னிஷ், ஸோன், வெயிட் வாட்சர்ஸ் ஆகிய நான்கு முறைகளுக்குப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். நான்கிலும் சராசரியாகக் குறைந்தது 2 முதல் 3 கிலோ வரைதான். குறைந்த அளவோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது முறையின் பெயரல்ல, அவரவர் அதை எந்த அளவுக்கு விடாமல் கடைப்பிடித்தார்கள் என்பதே. 2018இல் 609 பேரைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள்; இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே, "எங்கள் முறை மட்டும்தான் அறிவியல்பூர்வமானது" என்று ஒரு திட்டம் சொன்னால், அந்த இடத்திலேயே என் ஆர்வத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

கடைப்பிடிப்பதற்கு வெளியார் உதவினால் என்ன ஆகிறது என்பதே நான் தேடிப் படித்தது. 2011இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 772 பேரில் ஒரு பாதியினரை மருத்துவர்கள் வழக்கமான ஆலோசனையோடு தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். மறுபாதியினரை வெயிட் வாட்சர்ஸ் கூட்டங்களுக்கு ஓராண்டு இலவசமாக அனுப்பினார்கள். மருத்துவரிடமே இருந்தவர்கள் சராசரியாக 2.25 கிலோவும் கூட்டங்களுக்குப் போனவர்கள் 5.06 கிலோவும் குறைந்தார்கள். ஆய்வுக்கான நிதி அந்த நிறுவனத்திலிருந்தே வந்தது என்பதையும், கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் 61 சதவீதத்தினர்தான் ஆண்டு முடியும்வரை ஆய்வில் நீடித்தார்கள் என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். 2017இல் அதே இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு எனக்கு இன்னும் பயன்பட்டது, ஏனென்றால் அது கால அளவைச் சோதித்தது. 1,200க்கும் மேற்பட்டோரில் ஒரு பிரிவினருக்கு ஒரு சிறு ஆலோசனையும் கையேடும், இன்னொரு பிரிவினருக்கு 12 வாரக் கூட்டங்களும், மூன்றாம் பிரிவினருக்கு 52 வாரக் கூட்டங்களும் கொடுக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவினரும் குறைந்தது முறையே 3.26, 4.75, 6.76 கிலோ. இரண்டாம் ஆண்டில் எல்லோருக்கும் கொஞ்சம் திரும்பி ஏறியது. 52 வாரக் குழுவினர் அப்போதும் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள்.

கையேடு மட்டும் பெற்றவர்களும் 3 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கத் தவறக் கூடாது. ஆய்வொன்றில் சேர முன்வருபவர்கள் ஏற்கெனவே குறைக்க முடிவெடுத்தவர்கள். அந்த முடிவே ஓரளவு வேலை செய்துவிடுகிறது. திட்டத்தின் பங்கு என்று கணக்கிட வேண்டியது வித்தியாசத்தை மட்டும்தான். 2015இல் வணிகத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட கட்டுரை ஒன்று இதை நேராகவே சொல்கிறது: ஓராண்டு முடிவில், திட்டத்தில் சேராமல் பொதுவான அறிவுரை பெற்றவர்களைவிட, வெயிட் வாட்சர்ஸில் இருந்தவர்கள் குறைந்தபட்சம் 2.6 சதவீதமும் ஜென்னி கிரெய்க் திட்டத்தில் இருந்தவர்கள் குறைந்தபட்சம் 4.9 சதவீதமும் கூடுதலாக எடை இழந்தார்கள். ஒருவரது எடை 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக் கட்டணத்துக்கு ஈடாக அவர் எதிர்பார்க்கத்தக்க கூடுதல் பலன் 2 முதல் 4 கிலோ வரை. என்னைப் போன்றவர்களின் சர்க்கரை அளவுக்கு அது சிறிய விஷயமில்லை. விளம்பரப் பலகையில் அதை எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது வேறு.

விளம்பரம் என்றதும், தொலைபேசியில் என்னோடு பேசிய ஆலோசகர் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறையும் என்று உறுதியாகச் சொன்னது நினைவுக்கு வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. உடல் தன் கைச்செலவுக்கான மாவுச்சத்தைக் கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவைத் திடீரென்று குறைக்கும்போது முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான் என்பதால், அதோடு சேர்ந்த தண்ணீரும் வெளியேறி, தராசு முள் வேகமாக இறங்குகிறது. கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரைவதில்லை. பழையபடி சாப்பிட்ட மறுநாளே தண்ணீர் திரும்பிவிடும். முதல் வாரப் பலனைக் காட்டி ஓராண்டுச் சந்தா கேட்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கு இந்த உடலியல் ஒன்றே போதும். "முன்பு, பின்பு" என்று ஒட்டிவைக்கப்படும் படங்களும் இதே வகைதான். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டுதல்களைத் திருத்தும்வரை, அப்படிப்பட்ட சான்றுரையின் அடியில் "இது எல்லோருக்கும் பொருந்தாது" என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் போதும் என்று விளம்பரதாரர்கள் தப்பித்துவந்தார்கள். திருத்தத்துக்குப் பிறகு, சராசரி மனிதர் பொதுவாக எதிர்பார்க்கத்தக்க பலன் என்ன என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று. எந்த நாட்டில் இருந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இரண்டாம் ஆண்டைப் பற்றி எந்த ஆலோசகரும் தாமாகப் பேசுவதில்லை. நானோ அதைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். எடை 10 சதவீதம் குறைந்தவர்களின் உடல், அந்தச் சிறிய உடலுக்குத் தேவையானதைவிடவும் குறைவான ஆற்றலையே செலவழிக்கத் தொடங்குகிறது என்பதை 1995இல் வெளியான அளவீடுகள் காட்டின. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 50 பேர் 10 வாரங்கள் மிகக் கடுமையாக உணவைக் குறைத்து எடை இழந்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள், நிறைவைத் தரும் ஹார்மோன்கள் ஆகியவற்றில் அப்போது ஏற்பட்ட மாற்றங்கள் ஓராண்டு கழித்தும் சரியாகவில்லை. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. எடை திரும்பி ஏறுவதை மன உறுதிக் குறைவு என்று ஏசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறைப் பாடம், ஒரு திட்டம் 12 மாதத்தில் எவ்வளவு குறைக்கிறது என்பதைவிட, 13ஆம் மாதத்தில் எனக்காக என்ன வைத்திருக்கிறது என்பதே அதன் தரத்தைக் காட்டும் என்பது. குறைத்ததைத் தக்கவைக்கும் கட்டத்துக்கென்று தனி ஏற்பாடு இல்லாத திட்டம், வாடிக்கையாளர் மறுபடியும் முதலிலிருந்து சேர்வதை எதிர்பார்த்தே இயங்குகிறது என்று நான் கருதுகிறேன். இது என் சந்தேகம்தான். ஆனாலும் விட மனமில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் அருமை தெரியும் என்று நம்மில் பலர் நம்புகிறோம், என் கணவரும் அந்தக் கட்சி. பெருந்தொகை ஒன்றைக் கட்டிவிட்டால் அந்த வருத்தமே என்னை ஒழுங்காகப் போக வைத்துவிடும் என்பது அவர் வாதம். இந்த வாதத்தைப் பொருளியலாளர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மூன்று கூடங்களைச் சேர்ந்த 7,700க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவைப் பார்த்தார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4 தடவைக்குச் சற்று மேல் வந்திருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் ஆகியிருந்தது, ஆனால் அதே கூடங்களில் 10 வருகைகளுக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை இரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் வெறுமனே கட்டணம் போய்க்கொண்டிருந்தது. பணம் கட்டியது அவர்களை வரவழைக்கவில்லை. எதிர்காலத்தில் தாம் எவ்வளவு ஒழுங்காக இருப்போம் என்று அவர்கள் கொண்டிருந்த நல்லெண்ணத்துக்குத்தான் அந்தப் பணம் போயிற்று.

என் கணவரின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜான் கூர்வில், திலீப் சோமன் ஆகியோர் இதே போன்ற கூடமொன்றில் கண்டது, கட்டணம் கட்டிய உடனடி மாதத்தில் வருகை கூடுகிறது, அடுத்த தவணை வரும்வரை படிப்படியாகச் சரிகிறது, தவணை கட்டியதும் மறுபடி எழுகிறது என்பது. மாதந்தோறும் கட்டுகிறவர்களிடம் வருகை ஓரளவு சமமாக இருந்தது. அதாவது, பணம் கொடுத்த வலி உந்துவது உண்மை. ஆனால் அந்த வலி சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஒரே தவணையில் ஓராண்டுக் கட்டணம் கட்டுவது அதிகத் தள்ளுபடியோடு வந்தாலும், வலியின் பயனை முதல் இரண்டு மாதங்களிலேயே தீர்த்துவிடுகிறது. சிறு தொகையாக மாதந்தோறும் கட்டுவது ஒட்டுமொத்தமாகக் கூடுதல் செலவுதான். என் கணக்கில் அதுவே மலிவு.

இன்னொரு விதமாகவும் பணத்தைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் கெவின் வோல்ப் தலைமையிலான குழு 57 பேரைக் கொண்டு செய்த சோதனையில், சிலர் தம் சொந்தப் பணத்தையே பிணையாக வைத்தார்கள். இலக்கை எட்டினால் கூடுதலோடு திரும்பக் கிடைக்கும், எட்டாவிட்டால் போய்விடும். வேறு சிலருக்கு இலக்கை எட்டினால் குலுக்கல் முறையில் பரிசு. 16 வார முடிவில் இந்த இரு பிரிவினரும் சராசரியாக ஏறத்தாழ 6 கிலோ குறைந்திருந்தார்கள். பணத் தூண்டுதல் இல்லாதவர்கள் 2 கிலோகூடக் குறையவில்லை. பிரமாதம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தபோது அடுத்த வரி கண்ணில் பட்டது: ஏழாம் மாதத்தில் மறுபடி எடை பார்த்தபோது, குறைந்தவர்களுக்கு அதில் கணிசமான பகுதி திரும்பியிருந்தது. பணம் போகுமே என்ற அச்சம் இருந்தவரைதான் அது வேலை செய்தது. இந்த மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கட்டணத்தை எனக்கு நானே விதித்துக்கொள்ளும் தண்டனையாக நினைப்பதை விட்டுவிட்டேன். ஒருவரின் நேரத்துக்கும் கவனத்துக்கும் கொடுக்கும் கூலி அது. அந்தக் கவனம் உண்மையில் எனக்குக் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அப்படிப் பார்த்ததில் ஓராண்டுத் திட்டம் தேறவில்லை. ஆலோசகர் கனிவாகவே பேசினார். "மேடம், இன்றைக்கே சேர்ந்தால் பாதிக் கட்டணம்தான், நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காது" என்றார். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆண்டு முடியும்வரை நீடிக்கிறார்கள் என்று கேட்டேன். "எங்கள் கிளையன்ட்ஸ் எல்லோரும் ரொம்ப ஹேப்பி மேடம்" என்றார். என் எடையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, நானே பார்த்துச் செயலியில் பதிய வேண்டும் என்றார். நான் பதியாவிட்டால் செயலி ஞாபகப்படுத்துமாம். பயிற்றுநரின் படிப்பு என்ன என்பதற்குத் தெளிவான பதில் வரவில்லை. காலையும் இரவும் உணவுக்குப் பதிலாகக் குடிக்க வேண்டிய பொடி கட்டணத்தில் அடங்காது என்பதும், ஆண்டு முடிவில் நான் எழுதித் தெரிவிக்காவிட்டால் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதும் விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருந்தன. இடையில் நிறுத்தினால் பணம் திரும்பாது. முன்கூட்டியே கட்டும் பெருந்தொகைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இந்தத் தொழிலில் பெரிய பெயர்களே நிலையாக இல்லை. 1983இல் தொடங்கிய ஜென்னி கிரெய்க் 2023இல் தன் நிலையங்களை மூடியது. வெயிட் வாட்சர்ஸ் 2025 மே மாதம் கடன் சீரமைப்புக்காகத் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

நானே தனியாகச் செய்துகொள்ள முடியாதா என்பதையும் நேர்மையாக யோசிக்க வேண்டியிருந்தது. முடிகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை 1992இல் ஆய்வாளர்கள் துல்லியமாக அளந்து பார்த்தபோது, அவர்கள் சாப்பிட்டதாக எழுதியது உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், உழைத்ததாக எழுதியது உண்மையைவிட 51 சதவீதம் கூடுதலாகவும் இருந்தன. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தன் தட்டைத் தானே அளக்கும்போது எல்லோருடைய கண்ணும் இரக்கம் காட்டுகிறது. வேறு ஒருவர் கேட்கப் போகிறார் என்று தெரிந்தால் மட்டும் என் குறிப்பேடு ஒழுங்காக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தமக்குத் தாமே கணக்குச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள், அல்லது வீட்டிலேயே தயவுதாட்சண்யமின்றிக் கேட்கக்கூடிய ஒருவர் இருப்பவர்கள், கட்டணத் திட்டத்தில் சேர எந்த அவசியமும் இல்லை. என் கணவரை அந்த வேலைக்கு அமர்த்த நான் விரும்பவில்லை. தட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கும் உரிமையை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

யாரெல்லாம் முதலில் மருத்துவரைப் பார்க்காமல் இவற்றின் பக்கமே போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவுற்றவர்கள், உணவோடு போராடும் மனநோய் ஏதேனும் இருந்தவர்கள், இன்சுலினோ சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் இந்தப் பட்டியலில் முதலில் வருவார்கள். சாப்பாடு குறைந்தும் மருந்தின் அளவு மாறாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பது பித்தப்பைக் கற்களை வரவழைக்கக்கூடும். உயரத்துக்கும் எடைக்குமான பிஎம்ஐ கணக்கில் 25தான் எல்லை என்று பல திட்டங்களின் படிவங்கள் சொல்கின்றன. ஆனால் ஆசிய வம்சாவளியினருக்கு 23லிருந்தே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் பரிந்துரைத்தது. குறைக்கத் தேவையே இல்லாத ஒருவரைத் திருப்பி அனுப்பும் திட்டம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

மருந்துகளைக் குறிப்பிடாமல் இன்று இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2021இல் வெளியான ஆய்வில் பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசியை வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தார்கள். எந்தக் கூட்டமும் எந்தச் செயலியும் இதன் அருகில் வர முடியாது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் பதிவாகியிருக்கிறது. எனக்குத் தேவை 7 சதவீதம் என்பதால் மருத்துவர் இப்போதைக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் நான் சேர்ந்தது உணவியல் வல்லுநர் ஒருவர் நடத்தும் சிறு குழுவில். வாரம் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் அவரே எடை பார்ப்பார், 12 வாரம், கட்டணம் மாதந்தோறும், விற்பதற்குப் பொடி எதுவும் இல்லை. குறைந்தபட்சம் மூன்று மாதம், வாராந்தர அல்லது இருவாரச் சந்திப்பு, ஒவ்வொரு சந்திப்பிலும் எடை பார்ப்பது என்பவை மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் இத்தகைய திட்டங்களுக்கு வகுத்த அடிப்படைகளோடு ஒத்துப்போகின்றன. எத்தனை பேர் நீடிக்கிறார்கள் என்ற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "பாதிக்குப் பாதி நின்றுவிடுவார்கள், நின்றவர்களுக்கு நான் போன் செய்வேன், சிலர் திரும்பி வருவார்கள்" என்றார். சேர்வதற்கு அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

12 வாரம் முடிந்த பிறகு தொடர்வதா என்பதற்கான விதியை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன், அப்போதைய உற்சாகத்தையோ சோர்வையோ நம்பி முடிவெடுக்க விரும்பாததால். ஹெச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி என்பதால், முடிவிலே எடுக்கும் சோதனை இந்தக் காலத்தை முழுமையாகவே காட்டும். கூட்டங்களுக்குப் பெரும்பாலும் போய், எடையும் சர்க்கரையும் இறங்கியிருந்தால், 52 வாரக் குழுவினரின் அனுபவத்தை மதித்து ஆண்டு முழுவதும் நீட்டிப்பேன். ஒழுங்காகப் போயும் இறங்கவில்லை என்றால், மறுபடி பணம் கட்டாமல், மருந்தைப் பற்றிப் பேச மருத்துவரிடம் போவேன். கூட்டங்களுக்குப் போகாமலே இறங்கியிருந்தால் வல்லுநரிடம் நன்றி சொல்லி நின்றுவிடலாம். போகவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால், எது என்னைப் போகவிடாமல் தடுத்தது என்று அவரோடு ஒருமுறை பேசிப் பார்ப்பேன். வேலை நேரமா, வீட்டுப் பொறுப்பா, அந்தக் குழுவே எனக்கு ஒத்துவரவில்லையா என்பது தெரியாமல் இன்னொரு திட்டத்தின் கையேட்டைப் புரட்டுவதாக இல்லை.